ரேடியோ வாய் மூடிய இடம்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கு ஒன்று உண்டு. அந்த நாளிதழ் ஆபீஸில் அது சம்பள நாளில் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். மற்ற நாளெல்லாம் அவர் ரேடியோ. ஆசிரியர் முதல் வாசல் காவல்காரர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் வருத்தம் கிடையாது.

"ரேடியோவுக்காவது திருகி நிறுத்த ஒரு குமிழ் இருக்கும். எங்க வீட்டுக்காரருக்கு ஆண்டவன் அதை வைக்க மறந்துட்டான்" என்று அவர் மனைவியே பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

நிருபர்களை ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்கு அவர்தான் டிரைவர். அதற்கு முன்னால் தனியார் பஸ் ஓட்டினார். முன் சீட்டில் உட்கார்ந்தவரிடம் ஒரு சங்கதியைத் தொடங்கினால், முடிக்காமல் அந்த ஆளை இறக்கிவிட அவருக்கு மனசு வராது. கண்டக்டர் விசில் ஊதி ஊதிக் கன்னம் வீங்கினார். பஸ் முதலாளி ஒரு நாள் கூப்பிட்டு, "நீ வண்டி ஓட்டறதுல எனக்குக் குறை இல்லப்பா. நிறுத்தறதுலதான் குறை" என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டார்.

பத்திரிகை ஆபீஸுக்கு வந்த பிறகுதான் அவர் வாய்க்குச் சரியான தீனி கிடைத்தது. விபத்து, கோர்ட், வேலைநிறுத்தம், மந்திரி ரிப்பன் வெட்டுகிற விழா என்று தினமும் ஒன்று. நிருபர் வந்து எழுதி முடிப்பதற்குள் ரேடியோ டீக்கடையில் அதைப் பாதி ஒலிபரப்பி முடித்திருப்பார். ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்வார்.

"யோவ், நாளைக்கு வர்ற பேப்பரை நீ இன்னைக்கே வாசிச்சுக் காட்டிட்டா எவன்யா காசு கொடுத்து வாங்குவான்?"

"நான் தலைப்பு மட்டும்தான் சார் சொன்னேன். உள்ளே இருக்கறதை அவங்க வாங்கித்தான் படிக்கணும்."

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். இவ்வளவு பேசுகிற மனுஷர் பொய் சொல்ல மாட்டார். கூட்டிச் சொல்வார். பத்துப் பேர் நின்ற இடத்தில் ஊரே திரண்டது என்பார். ஆனால் நடக்காததை நடந்தது என்றோ, நடந்ததை நடக்கவில்லை என்றோ சொல்ல அவருக்கு நாக்கு புரளாது. காலையில் எழுந்ததும் கண்ணை மூடிக் கும்பிடுகிறவர். அப்போது ஆண்டவனுக்கு முன்னால் கூச்சப்படாமல் நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கூட்டிச் சொல்வதை மட்டும் ஆண்டவன் கண்டுகொள்வதில்லை என்று அவராகவே முடிவு செய்து வைத்திருந்தார்.

அந்த வருஷம் வெயில் காலத்தில் குழாய்த் தண்ணீரில் ஒரு வாடை வந்தது. முதலில் ஊரின் தாழ்வான பகுதியில் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும். பிறகு பெரியவர்களுக்கு. ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் நடைபாதையில் பாய் விரித்தார்கள். அரசாங்கம், தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கிறது, வதந்தி பரப்புகிறவர்கள் மேல் நடவடிக்கை எடுப்போம் என்றது. தண்ணீரைக் குடித்துப் படுத்தவர்களுக்கு இந்த அறிவிப்பைப் படிக்கவும் தெம்பு இல்லை.

ஆபீஸில் ஒரு பெண் நிருபர். சின்ன வயசு, வேகமான நடை, எப்போதும் தோளில் ஒரு துணிப்பை. ரேடியோ அவளைத் தங்கச்சி என்பார். ஒரு நாள் மத்தியானம் அவள் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் குரலைத் தணித்தாள்.

"அண்ணே, வழியில ஒருத்தங்களை ஏத்திக்கணும். ஏத்தினப்புறம் எங்கேயும் நிக்காதீங்க. சும்மா ஓட்டிக்கிட்டே இருங்க. ஓடற வண்டியில பேசினா யாரும் ஒட்டுக்கேட்க முடியாது."

"நான் ஒருத்தன் இருக்கேனே தங்கச்சி."

"அதான் அண்ணே எனக்கும் பயம்."

தண்ணீர்த் தொட்டிச் சாலை வளைகிற இடத்தில், வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டிருந்த ஒரு பெண் ஏறினாள். வயசு நாற்பதைத் தாண்டியிருக்கும். அந்தச் சாலையிலேயே இருக்கிற, ஊருக்குத் தண்ணீர் அனுப்புகிற பம்ப்ஹவுஸில் அவளுக்கு வேலை. தண்ணீரில் சுத்தம் செய்கிற மருந்தைக் கலந்துவிட்டு வால்வைத் திறப்பது அவள் பொறுப்பு. பின் சீட்டில் உட்கார்ந்து முதலில் கொஞ்ச தூரம் வேறு வண்டி ஏதாவது தொடர்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு பேசத் தொடங்கியவள் நிறுத்தவில்லை.

"மருந்து தீர்ந்து மாசக்கணக்காச்சும்மா. டிரம் எல்லாம் காலி. மேலே சொன்னோம். வாயை மூடிக்கிட்டு வால்வைத் திறன்னாங்க. எங்க நாலு பேர்ல எவளாவது வெளியே மூச்சு விட்டா வேலையும் போயிடும், உள்ளேயும் போகணும்னாங்க. ஆனா திறக்கிறது என் கைதானேம்மா? அந்தப் பிள்ளைங்க வாந்தி எடுக்கறதைப் பார்த்ததிலிருந்து சோத்தைப் பிசைய இந்தக் கையை நீட்டவே கூசுது."

ரேடியோ கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு தூரம் வாய் திறக்காமல் வண்டி ஓட்டியது அதுதான் முதல் தடவை.

இறங்கும்போது அந்தப் பெண் முன் ஜன்னல் பக்கம் குனிந்தாள். "அண்ணே, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. வீட்டுல ரெண்டு படிக்கிற பிள்ளைங்க, படுத்த படுக்கையா மாமனார். எல்லாம் இந்த ஒரு வேலையிலதான் ஓடுது."

"என் வாயிலிருந்து வராதும்மா. ஆண்டவன் மேல சத்தியம்."

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். ஊரில் இவருக்கு என்ன பெயர் என்று தெரிந்திருந்தால் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்திருப்பாள். பின் சீட்டில் இருந்த நிருபர் உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

செய்தி முதல் பக்கத்தில் வந்தது. மருந்து இல்லாமல் தண்ணீர் வந்த விவரம் எல்லாம் அதில் இருந்தது. சொன்னது யார் என்பது மட்டும் இல்லை. ஊர் கொதித்தது. குடங்களோடு ஜனங்கள் அரசு அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள். மந்திரி, அது கட்டுக்கதை என்றார். பத்திரிகைகளைக் கவனிக்கிற செய்தித் துறையிலிருந்து ஆசிரியருக்கு போனுக்கு மேல் போன். யார் சொன்னது, பெயரைக் கொடு என்று.

ரேடியோ அப்போது ஆசிரியர் அறை வாசலில் வண்டிச் சாவியோடு நின்றிருந்தார். ஆசிரியர் போனில் சொன்னது அவர் காதில் விழுந்தது.

"செய்தி தப்புன்னா மறுப்பு எழுதிக் கொடுங்க. அதே முதல் பக்கத்துல போடறேன். பேரு கேட்காதீங்க. எங்களை நம்பிச் சொன்னவங்களைக் காட்டிக் கொடுத்தா நாளைக்கு எங்ககிட்ட எவன் வாயைத் திறப்பான்? கேக்கறதை ஒரு காகிதத்துல எழுதிக் கேளுங்களேன், அதையாவது போடறேன்."

காகிதம் எதுவும் வரவில்லை. அவர்கள் எப்போதும் எழுத்தில் எதையும் கேட்பதில்லை. எல்லாம் வாய்மொழிதான். அரசு விளம்பரம் மட்டும் சத்தமில்லாமல் நின்று போயிற்று.

அடுத்த விடுமுறை நாள் காலையில் ரேடியோ வீட்டுக்கு மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன். அதே செய்தித் துறை அலுவலகத்தில் நெடுநாளாகப் பியூன் வேலை. நெஞ்சில் ஈரம் உள்ள மனுஷர்தான், ஆனால் மேலதிகாரி தும்மினால் இவருக்கு ஜலதோஷம் பிடிக்கும். வழக்கமாக வந்ததும் தங்கச்சியை வம்புக்கு இழுப்பவர், அன்றைக்குச் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

"மாப்ள, எங்க பெரிய அதிகாரி உன்னை ஒரு தடவை பார்க்கணும்ங்கறார்."

"என்னையா? எதுக்கு மச்சான்? அவருக்கு டிரைவர் வேணுமா?"

"விளையாடாதே. அந்தப் பொண்ணை எங்கெங்கே கூட்டிக்கிட்டுப் போனேன்னு கேட்பார் போலிருக்கு. சும்மா பேச்சுதான். டீ குடிச்சிட்டு வந்துடலாம்."

"காகிதம் எதுவும் கொடுத்தாங்களா?"

"என்னையே அனுப்பியிருக்காங்களே, நான் காகிதமாத் தெரியலையா?" மச்சான் தெருப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "நீ வரலைன்னா என் தலைதான் உருளும் மாப்ள. உன் தங்கச்சி புருஷன்தானே, உன் பேச்சைக் கேட்க மாட்டானான்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டார்."

மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "போயிட்டு வந்துடுங்களேன். அண்ணன் இவ்வளவு தூரம் வந்து கேக்கறார்."

சரி என்று ஒரு நாள் குறித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ரேடியோவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் நடந்தார். துடைத்த வண்டியையே மறுபடி துடைத்தார். டீக்கடையில் கிளாஸை வாங்கிவிட்டுக் குடிக்காமல் நின்றார். எங்கே வாய் தவறி அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை விழுந்துவிடுமோ என்று, பேச்சையே குறைத்துக்கொண்டார். டீக்கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னண்ணே, இன்னைக்கு ஸ்டேஷன் லீவா?"

"தொண்டை கட்டியிருக்கு."

சொன்ன பிறகு அது பொய் என்று உறைத்தது. அன்றைக்கு மறுபடியும் ஒரு தடவை கும்பிட்டார்.

ஆசிரியரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் போகாதே என்பார், மச்சானுக்கு ஆபத்து வரும். அதோடு மனசின் ஒரு மூலையில் சின்னக் கர்வமும் இருந்தது. எத்தனை போலீஸ்காரரை, எத்தனை வாகன அதிகாரியை வாயாலேயே வழிக்குக் கொண்டுவந்தவர் அவர். இந்த அதிகாரிக்கும் காது நிறையப் பேச்சைக் கொட்டிவிட்டு, கேட்டதை மட்டும் கொடுக்காமல் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

அதிகாரியின் அறை மாடியில் இருந்தது. ஜன்னலுக்குப் பச்சைத் திரை, மேஜைமேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் அதிகாரியின் குடும்பப் படம். மின்விசிறி ஒரு பக்கம் சாய்ந்து கிறீச்சிட்டது. அதிகாரி அதட்டுவார் என்று நினைத்துப் போனால், அவரோ நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். மச்சான்தான் டீ கொண்டுவந்து வைத்தார்.

"உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன். நல்லாப் பேசுவீங்களாமே" என்றார் அதிகாரி.

"ஊர்ல சும்மா சொல்வாங்க சார்."

"எனக்கும் பேச்சுக் கேக்கப் பிடிக்கும். இந்த மாசம் வண்டி எங்கெல்லாம் போச்சு? கோர்ட் பக்கம் போனீங்களா?"

கேட்டதுதான் தாமதம். கோர்ட் வாசலில் ஒரு வக்கீல் கறுப்பு அங்கியைக் கார்க் கதவில் மாட்டிக்கொண்டு வண்டியோடு ஓடிய சங்கதியை ரேடியோ எடுத்து விட்டார். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். ஆஸ்பத்திரிப் பக்கம்? அதற்கு ஒன்று. மார்க்கெட் பக்கம்? அதற்கு இரண்டு. ஸ்டேடியம், ரயிலடி, கல்லூரிச் சாலை என்று அதிகாரி ஒவ்வொன்றாகக் கேட்க, இவர் ஒவ்வொன்றுக்கும் கிளை விட்டுப் பேசினார். பேசப் பேசப் பயம் போயிற்று. ஆள் நம் கைக்குள் வந்துவிட்டார் என்று உள்ளுக்குள் ஒரு குதி குதித்தார்.

"தண்ணீர்த் தொட்டிச் சாலை?"

ரேடியோ டீ கிளாஸைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார்.

"வண்டின்னா எல்லாப் பக்கமும்தான் சார் போகும்."

அதிகாரி கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

"அந்த ரோட்டுல மட்டும் உங்களுக்குச் சொல்ல ஒண்ணுமே இல்லையா?"

ரேடியோவுக்கு வாய் திறக்கவில்லை. போகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது பொய். வரவில்லை. வேறு எதையாவது உளறியிருந்தாலும் போதும். அதுவும் வரவில்லை.

"சரி, நீங்க கிளம்புங்க. ரொம்ப நன்றி" என்றார் அதிகாரி. ரேடியோ கதவைத் தாண்டுவதற்குள் போனை எடுத்துவிட்டார். "பம்ப்ஹவுஸ்ல யார் யார் வேலை பார்க்கறாங்கன்னு கேளு. நாளன்னைக்கு எல்லாரையும் விசாரணைக்கு வரச் சொல்லு."

படியில் மச்சான் பின்னாலேயே வந்தார். "நல்லா சமாளிச்சே மாப்ள. ஒரு பேரு சொல்லலையே நீ. என் வயித்துல பாலை வார்த்தே."

ரேடியோ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். எல்லா ரோட்டுக்கும் கதை சொன்னவன் ஒரு ரோட்டுக்கு மட்டும் வாயை மூடினால் என்ன அர்த்தம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். பேரைச் சொல்லவில்லைதான். ஆனால் அந்தப் பெண்ணின் வீட்டு வாசல் வரைக்கும் அவர்தான் வழி காட்டிவிட்டார்.

அங்கிருந்து ஆபீஸுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே நினைவில்லை. நிருபரைத் தேடிப் பிடித்து ஆசிரியர் அறைக்கே இழுத்துக்கொண்டு போனார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இந்தத் தடவை ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லலை தங்கச்சி. சொல்லாததுதான் கெடுத்துடுச்சு."

நிருபர் பையைத் தோளில் மாட்டினாள், கழற்றினாள். "யார்கிட்டயும் கேக்காம ஏன் அண்ணே போனீங்க?"

"மச்சானுக்காகப் போனேன். என் வாய்மேல இருந்த நம்பிக்கையிலயும் போனேன். ரெண்டும் தப்பு. இப்பவே வண்டியை எடுக்கறேன். அந்தம்மாவைப் பார்த்து எச்சரிக்கை பண்ணிடலாம்."

"உட்காருய்யா" என்றார் ஆசிரியர். "இப்ப நம்ம வண்டி அந்தப் பக்கம் திரும்பினாலே நாலு பேர்ல எந்த வீடுன்னு நாமே காட்டிக் கொடுத்த மாதிரி. போன்கூடப் பண்ணக்கூடாது."

"அப்ப சும்மா உட்கார்ந்திருக்கணுமா சார்?"

ரேடியோ நாற்காலியில் உட்கார்ந்தார், உடனே எழுந்தார். ஜன்னல்வரை போனார், திரும்பி வந்தார். ஆசிரியர் பேனாவை மூடி மூடித் திறந்தார்.

"அவங்க காகிதம் கொடுக்காம உன்னைக் கூப்பிட்டது எதுக்குத் தெரியுமா? நடந்ததே தெரியக்கூடாதுன்னுதான். நாளன்னைக்கு அந்த நாலு பேரையும் இதே மாதிரி சத்தமில்லாமக் கூப்பிடுவாங்க. அதுல ஒருத்தியைச் சத்தமில்லாம வேலையை விட்டுத் தூக்குவாங்க. வேற ஏதாவது காரணம் சொல்லுவாங்க. எல்லாம் அடங்கினப்புறம்தான் நமக்கே தெரியும்."

ரேடியோ நடையை நிறுத்தினார். "சத்தம் கேட்டா?"

"என்னது?"

"கூப்பிட்டது ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னா? பம்ப்ஹவுஸ்காரங்களை விசாரிக்கப் போறாங்கன்னு நாளைக்கே ஊர் பேசிச்சுன்னா? அப்புறம் அவங்கள்ல ஒருத்தர் மேல கை வச்சா, மருந்து இல்லாததை வெளியே சொன்னதுக்குத்தான்னு அவங்க வாயாலேயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா சார்?"

நிருபர் ஆசிரியரைப் பார்த்தாள். ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆயிடும். ஆனா யார் சொன்னதுன்னு போடணும். உன் சொந்தப் பேரு, உன் படம். அவங்க இல்லவே இல்லைம்பாங்க. கேஸ் போடுவோம்பாங்க. உன் லைசென்ஸ்லகூடக் கை வைப்பாங்க. யோசிச்சுச் சொல்லு."

"அதெல்லாம் பரவாயில்லை சார்" என்றார் ரேடியோ. பரவாயில்லாதது ஒன்றே ஒன்றுதான். மச்சான் பெயரை எழுதாவிட்டாலும், ரேடியோவைக் கூட்டிக்கொண்டு படி ஏறினது யார் என்று அந்த ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். "என் மச்சானைப் பத்தி ஒரு எழுத்து வரக்கூடாது தங்கச்சி. மத்ததெல்லாம் எழுது. பச்சைத் திரை, கிறீச்சிடற ஃபேன், கண்ணாடிக்கு அடியில இருக்கற படம். வராதவனுக்கு இதெல்லாம் தெரியாது."

அவள் எழுத எழுத அவர் சொன்னார். சொல்லி முடித்ததும் ஆபீஸில் உட்காரவில்லை. அச்சுக்குப் போகிறதற்கு முன்னால், பொழுது சாய்கிற நேரத்தில், நேரே மச்சான் வீட்டுக்குப் போனார். மச்சான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மச்சான், நாளைக்குப் பேப்பர்ல வரும். என்னைக் கூப்பிட்டுக் கேட்டது எல்லாம். உன் பேரு வராது. ஆனா உனக்குச் சிரமம் வரும். வேற யார் வாயாலயும் நீ இதைக் கேக்கக்கூடாதுன்னு வந்தேன்."

மச்சான் கையில் இருந்த வாளி சாய்ந்து தண்ணீர் காலில் கொட்டியது. "அடப்பாவி! நான் உனக்கு என்னடா கெடுதல் பண்ணேன்? என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்ததைத் தவிர?"

"நீ ஒண்ணும் பண்ணலை."

"இத்தனை வருஷம் ஒரு சொல் வாங்காம வேலை பார்த்தவன்டா நான். என் சோத்துல மண்ணைப் போடாதே. போய் நிறுத்தச் சொல்லு. உன் காலில் வேணாலும் விழறேன்."

"அந்தம்மாவோட சோத்துல நான் ஏற்கெனவே போட்டுட்டேன் மச்சான். அதை எடுக்க எனக்கு வேற வழி தெரியலை."

"எந்தம்மா? யாருடா அது?"

ரேடியோ வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மச்சான் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னார். அவள் அழவில்லை, திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "அண்ணன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்று மட்டும் கேட்டாள். அவர் சட்டையைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

பேப்பர் வந்தது. காகிதம் இல்லாமல் டிரைவரைக் கூப்பிட்டு விசாரித்ததும், அடுத்ததாகப் பம்ப்ஹவுஸ் ஊழியர்களைக் கூப்பிடச் சொன்னதும் முதல் பக்கத்தில். நடுவில் ரேடியோவின் படம், திருட்டுக் கேஸில் பிடிபட்டவர் மாதிரி விறைப்பாக. சாயங்காலமே செய்தித் துறை, யாரையும் நாங்கள் கூப்பிடவில்லை, யாரையும் விசாரிக்கப் போவதும் இல்லை என்று அறிக்கை விட்டது. ஆசிரியர் அதை வாங்கி அடுத்த நாள் அதே இடத்தில் அப்படியே போட்டார். "விசாரிக்கப் போறதில்லைன்னு அவங்களே எழுத்துல கொடுத்துட்டாங்க. இதைவிட வேற என்ன வேணும்?" என்றார்.

ரேடியோவுக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. அறிக்கை வேறு, நடப்பு வேறு என்று அவருக்குத் தெரியும். டீக்கடையில், கோர்ட் வாசலில், ஆஸ்பத்திரி நடைபாதையில், கேட்டவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொன்னார். எத்தனை தடவை சொன்னாலும் ஒரே மாதிரி சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் ரோட்டில் இருக்கும். போலீஸ் வண்டி போனால் பேச்சு பாதியில் நிற்கும். அது போன பிறகு, "எங்க விட்டேன்?" என்பார்.

பம்ப்ஹவுஸுக்கு மருந்து டிரம்கள் லாரியில் வந்து இறங்கியதாக ஊரில் பேச்சு அடிபட்டது. குழாயில் வாடை குறைந்தது. அந்தப் பெண் என்ன ஆனாள் என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது. நிருபரிடம்கூடக் கேட்கவில்லை. காலையில் கும்பிடும்போது மட்டும், பெயர் தெரியாத அவளுக்கென்று தனியாக ஒரு தடவை வேண்டிக்கொண்டார்.

வெயில் தணிந்து முதல் மழை பெய்த ஒரு நாள், மனைவி பாத்திரத்தில் சாப்பாடு கட்டினாள். "அண்ணன் வீட்டுக்குப் போறேன். கூட வர்றதுன்னா வாங்க. வராட்டியும் போவேன்" என்றாள். அவர் செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் அவள் தெருமுனைக்குப் போய்விட்டாள்.

மச்சான் வீட்டுக் கூடத்தில் கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தது. மச்சான் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். தங்கச்சியை வா என்றார். மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. ரேடியோ நிலைப்படியிலேயே நின்றார்.

"என்ன அண்ணே இது?" என்றாள் அவள்.

"மாத்திட்டாங்க. பஸ் ரெண்டு மாறிப் போகணும். ஆபீஸ்னு பேரு, ஒரு மேஜையும் எலியும்தான் இருக்காம்." மச்சான் கயிற்றின் நுனியைத் திருகிக்கொண்டே சுவரைப் பார்த்துப் பேசினார். "அந்தப் பம்ப்ஹவுஸ் ஃபைலை மூடிட்டாங்க. நான்தான் கட்டி அலமாரியில வச்சேன். உள்ளே திறந்து பார்த்தேன். நாலு பேரு மேலயும் நடவடிக்கை இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கு. வச்சுட்டுத் திரும்பறேன், என் மாத்தல் உத்தரவைக் கையில திணிச்சாங்க."

ரேடியோ நிலையைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷப்படவும் முடியவில்லை, வருத்தப்படவும் முடியவில்லை. கண் மட்டும் நிறைந்து வழிந்தது. துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு, "மச்சான்..." என்றார்.

"பேசாதே."

ரேடியோ துண்டை மடித்துத் தோளில் போட்டார்.

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பாத்திரத்தைத் திறந்து தட்டு எடுத்து வைத்தாள். முதலில் ஒரு தட்டு, கொஞ்சம் யோசித்து இன்னொன்று.

மச்சான் எழுந்து கட்டிலின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். கனம் தாங்காமல் வைத்தார். மழை மறுபடி வலுத்தது. தூவானம் வாசல் வழியாக உள்ளே அடித்துக் கட்டி வைத்த மெத்தைமேல் விழுந்தது.

"அங்கேயே நின்னு என்ன வேடிக்கை பார்க்கறே?" என்றார் மச்சான், இன்னும் சுவரைப் பார்த்தபடி. "அந்தப் பக்கத்தைப் பிடி."

ரேடியோ செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்து கட்டிலின் மறுமுனையைத் தூக்கினார்.